வராததற்கு ஒரு வரவு

குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்களே, செயலாளர்களே, என்னைப் போன்ற பொருளாளர்களே,



போன மாதம் நம் பகுதிச் சங்கங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடியபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனவன் நான். அன்று பேசியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். மேடையில் நின்ற அந்தத் தம்பி நன்றாகத்தான் பேசினார். "உங்கள் சமையலறைக் கழிவை உரமாக்குங்கள். அதற்குக் கார்பன் வரவு கிடைக்கும். வெளிநாட்டுக் கம்பெனிகள் அதை டாலர் கொடுத்து வாங்கும். உங்கள் பராமரிப்புக் கட்டணமே குறைந்துவிடும்" என்றார். பிறகு மெதுவடையும் காப்பியும் வந்தன. கூடவே பன்னிரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தமும் வந்தது. வடையின் எண்ணெய் விரலில் காய்வதற்குள் நான்கு சங்கங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன.

நான் முப்பத்துநான்கு ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவன். வரவு என்று யாராவது சொன்னால், எதற்கு வருகிறது, எவ்வளவு வருகிறது, யாருக்கு வருகிறது என்று மூன்று கேள்விகள் தாமாகவே நாக்கில் வந்து நிற்கும். அந்த மூன்றுக்கும் நான் கண்ட பதில்களை உங்கள் முன் வைக்கிறேன். உரம் தயாரிக்காதீர்கள் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆறு ஆண்டாக எங்கள் வளாகத்தில் உரக்கொட்டகை நடத்துகிறவன் அப்படிச் சொல்வானா?

முதல் கேள்வி: எதற்கு வருகிறது? உரத்துக்கு என்றுதான் நம்மில் பலர் நினைத்தோம். இல்லை. நாம் லாரியில் ஏற்றி அனுப்பும் மிச்சச் சோறும் காய்கறித் தோலும் கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ குப்பைமேட்டின் அடியில் புதைந்தால், அங்கே காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் பிழைக்கும் நுண்ணுயிர்கள் தனி இனம். அவை கழிவைத் தின்று மீத்தேனை வெளியே விடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்குகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் அது 80 மடங்கை ஒட்டி வருகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாள்கணக்கில் எரிந்து, அந்தப் பக்கத்துச் சனங்கள் சன்னலைத் திறக்க முடியாமல் தவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். குப்பைமேட்டில் பற்றிய தீ எளிதில் அணையாததற்கு உள்ளே தேங்கியிருக்கும் இந்த வாயுவும் ஒரு காரணம்.

அதே சோறும் தோலும் நம் கொட்டகையில் காற்றோட்டமாகக் கிடந்து மட்கினால், மிஞ்சுவது சூடும் நீராவியும் கரியமில வாயுவும் உரமும்தான். அந்தக் கரியமில வாயு, செடிகள் சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்ததே. எடுத்த இடத்துக்கே திரும்புகிறது என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேட்டில் வந்திருக்க வேண்டிய மீத்தேன் வராமல் போயிற்று அல்லவா, அந்த வராததற்குத்தான் இந்த வரவு. என் முப்பத்துநான்கு ஆண்டில் எந்தப் பேரேட்டிலும் இப்படி ஒரு பதிவை நான் பார்த்ததில்லை.

வராத ஒன்றை எப்படி அளப்பது? இந்தக் குப்பை மேட்டுக்குப் போயிருந்தால் எவ்வளவு மீத்தேன் வந்திருக்கும் என்று சூத்திரம் போட்டுக் கணக்கிடுகிறார்கள். மேட்டின் ஆழமும் அதில் சேரும். ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட, முறையாகப் பராமரிக்காத மேடு என்றால் 0.8 என்று பெருக்குவார்கள். அதைவிடத் தாழ்ந்தது என்றால் 0.4 தான். ஊரில் குப்பை மலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது, இந்தக் கணக்குக்கு!

இதில் இன்னொரு நுட்பம் உண்டு, கூட்டத்தில் அது பேச்சிலேயே வரவில்லை. இன்று புதையும் சோறு இன்றே முழுக்க மீத்தேன் ஆகிவிடாது. நம் ஊரைப் போல வெயிலும் மழையும் உள்ள இடத்தில், உணவுக் கழிவு முதல் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிதையும், மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக. வரவும் அதே நடையில்தான் வரும். முதல் ஆண்டே முழுத்தொகை என்று யாராவது சொன்னால், அவர் சூத்திரத்தின் கடைசி வரியை மட்டும் படித்தவர்.

சரி, நம் கொட்டகையில் மீத்தேனே வராதா? இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கொட்டகை தொடங்கிய இரண்டாம் ஆண்டு, ஐப்பசி அடைமழை. தீபாவளி வாரம் என்பதால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஈரக்கழிவு வந்து சேர்ந்தது. கூரை ஒழுகியதால், குவியல் நனையக் கூடாதே என்று நான் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து நான்கு பக்கமும் இறுக மூடி, மேலே செங்கல்லும் வைத்தேன். மூன்றாம் நாள் முட்டை அழுகிய நாற்றம். ஐந்தாம் நாள், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைச் சொல்லியே திட்டு விழுந்தது. பேசாமல் மாநகராட்சி லாரியிலேயே போட்டுவிடலாம் என்று செயற்குழு முடிவெடுக்க இருந்தது.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் காப்பாற்றினார். "அதுக்கு மூச்சு முட்டுது சார், மொதல்ல தார்ப்பாயை எடுங்க" என்றார். வளாகத்தில் பெருக்கிச் சேர்த்திருந்த சருகை மூட்டை மூட்டையாகக் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிப் போட்டார். ஒரு வாரத்தில் நாற்றம் போனது. குவியலுக்குள் கையை விட்டால் பொறுக்க முடியாத சூடு: 55 டிகிரியைத் தாண்டியிருக்கும், நல்ல மட்குக்கு அதுதான் அடையாளம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் தண்ணீர் வர வேண்டும், வடிந்தால் சருகு போதவில்லை என்று பொருள். கரிமச் சத்து முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்று புத்தகம் சொல்வதை, அக்கா தன் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

மீத்தேனுக்கு மணம் கிடையாது. ஆனால் நாறுகிற இடத்தில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் மீத்தேன் உண்டு. தார்ப்பாய் மூடியிருந்த அந்த ஐந்து நாளும் எங்கள் கொட்டகை ஒரு குட்டிக் கொடுங்கையூர். ஒழுங்காக நடக்கும் உரக்கூடத்திலும் கொஞ்சம் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கசியத்தான் செய்யும். ஆகவே கார்பன் கணக்கில் அதற்கென்று ஒரு பிடித்தம் செய்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு வரவு வைக்கிறார்கள். அந்த வரவு மண்வெட்டி முனையில் இருக்கிறது. புரட்டுகிறவர் ஒரு வாரம் வராவிட்டால் ஒப்பந்தத்தின் பன்னிரண்டு பக்கமும் சேர்ந்து அதைக் காப்பாற்றாது.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு வருகிறது? எங்கள் வளாகத்தில் 180 வீடுகள். ஒரு மாதம் தராசு வைத்து எடை போட்டோம். சராசரியாக நாளுக்கு 110 கிலோ ஈரக்கழிவு. ஆண்டுக்கு 40 டன். மேலே சொன்ன சூத்திரத்தை எவ்வளவு தாராளமாகப் போட்டாலும், ஒரு டன் உணவுக் கழிவுக்கு எல்லா ஆண்டுகளையும் சேர்த்து ஒரு டன் கரியமில வாயு அளவுக்கே வரவு தேறும். அதாவது, டன்னுக்கு ஒன்றாக 40 வரவு. ஒன்றுக்கு 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்: 20,000 ரூபாய். 180 வீடுகளுக்குப் பிரித்தால், வீட்டுக்கு மாதம் ஒன்பது ரூபாய் சொச்சம். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்கலாம். பராமரிப்புக் கட்டணம் குறையாது.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். திட்ட ஆவணம் எழுத வேண்டும், பதிவு செய்ய வேண்டும், மூன்றாம் தரப்புத் தணிக்கையாளர் வந்து சரிபார்க்க வேண்டும், பிறகு குறித்த காலத்துக்கு ஒருமுறை அவர் மீண்டும் மீண்டும் வர வேண்டும். இது ஆயிரங்களில் முடியாது, லட்சங்களில் நிற்கும். இருபதாயிரம் ரூபாய் வரவுக்குப் பல லட்சம் செலவு என்றால் எந்தக் கிளை மேலாளரும் அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இதற்கு நடுவே, அந்த 40 டன்னிலிருந்து சலித்து எடுத்தால் எட்டு டன் உரமாவது தேறும். கிலோ ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தாலும் 40,000 ரூபாய். கார்பன் வரவைவிட இரு மடங்கு. கையில் இருக்கும் சரக்கை மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கக் கிளம்பியிருக்கிறோம்.

அப்படியென்றால் கார்பன் வரவே ஏமாற்றா? அதுவும் இல்லை. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் 1995இல் நகரமைப்பாளர் இஃப்தேகார் எனாயதுல்லாவும் கட்டடக் கலைஞர் மக்சூத் சின்ஹாவும் 'வேஸ்ட் கன்சர்ன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மீர்பூரில் ஒரு சின்ன உரக்கூடம்தான் ஆரம்பம். அக்கம்பக்கத்து வீடுகளின் குப்பையைத் தள்ளுவண்டியில் சேகரித்து, உரமாக்கி விற்றார்கள். பத்தாண்டு கழித்து, கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை வளர்ச்சி முறைமையில் அவர்களுடைய பெரிய உரத் திட்டம் 2006இல் ஐ.நா.விடம் பதிவானது. காய்கறிச் சந்தைக் கழிவை டாக்காவுக்கு வெளியே புல்தா என்ற இடத்துக்குக் கொண்டுபோய் உரமாக்கும் திட்டம் அது. எழுத்தில் போட்ட அளவு நாளுக்கு 700 டன் கழிவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 89,000 வரவு. எங்கள் நாற்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களும் 700 டன்னில் தொடங்கவில்லை. அதில் ஒரு பகுதியைக் கொண்டுதான் ஆலை ஓடத் தொடங்கியது.

பெரிய அளவு இருந்தாலும் சந்தை கைவிடும் என்பதும் அதே முறைமை கற்றுத்தந்த பாடம். 2008இல் ஒரு வரவு 20 யூரோவைத் தாண்டி விற்றது. 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே போய்விட்டது. அந்த நான்கு ஆண்டில் குப்பை நாறும் விதமும் மாறவில்லை, மட்கும் விதமும் மாறவில்லை. எங்கோ ஐரோப்பாவில் தேவை குறைந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலேயே இந்தூர் இருக்கிறது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவார்டு 1924 முதல் 1931 வரை அங்கே தங்கி, நம் குடியானவர்களின் குப்பைக்குழி அறிவைக் கவனித்து, தழை, சாணம், சாம்பல் கலந்த மண் என்று அடுக்கடுக்காகப் போட்டுப் புரட்டும் முறையை வகுத்தார். உலகம் அதை 'இந்தூர் முறை' என்றே அழைக்கிறது. அதே இந்தூரின் நகர நிர்வாகம், உரக்கூடம், கழிவிலிருந்து உயிரி எரிவாயு எடுக்கும் ஆலை, சூரிய மின்நிலையம் ஆகியவற்றைச் சேர்த்து, ஏறத்தாழ 1.7 லட்சம் டன் கரியமில வாயுவுக்கான வரவை விற்று 50 லட்சம் ரூபாய் பெற்றது. நாடே பாராட்டியது, நானும் கைதட்டினேன். பிறகு கால்குலேட்டரை எடுத்தேன். டன்னுக்கு 30 ரூபாய்கூட வரவில்லை. அந்த விலைக்கு எங்கள் வளாகத்தின் ஓராண்டு உழைப்பு 1,200 ரூபாய்.

இந்தூரின் உண்மையான வருமானம் வேறு: வீட்டு வாசலிலேயே ஈரம் வேறு, உலர் வேறு என்று பிரித்து வாங்கும் பழக்கம். அது படிந்த பிறகுதான் உரமும் எரிவாயுவும் வரவும் சாத்தியமாயின.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தருகிறவர்களை மொத்தக் கழிவாளர்கள் என்று வகைப்படுத்தின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் ஈரக்கழிவை இயன்றவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்றும் சொல்லின. கார்பன் வரவின் அடிப்படை விதியோ, இந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்காது என்று நிரூபிக்கச் சொல்கிறது. சட்டமே செய்யச் சொன்னதைச் செய்துவிட்டு, பணம் தந்தால்தான் செய்வேன் என்று எப்படி வாதாடுவது? பெரிய உரத் திட்டங்களுக்கென வகுக்கப்பட்ட கணக்கீட்டு முறை ஒன்றில் இதற்கும் வழி வைத்திருந்தார்கள்: சட்டத்தைப் பாதிப்பேருக்கு மேல் கடைப்பிடித்தால் வரவு கிடையாது, அதற்குக் கீழே இருந்தால் கிடைக்கும். பக்கத்து வளாகங்கள் சட்டத்தை மீறும்வரைதான் நமக்கு வரவு என்றால், அந்த வருமானம் நிலைக்க வேண்டும் என்று எந்தச் சாமியிடம் வேண்டிக்கொள்வது?

மூன்றாவது கேள்வி: யாருக்கு வருகிறது? அந்தப் பன்னிரண்டு பக்கத்தை என் மகளிடம் கொடுத்துப் பொறுமையாகப் படிக்கச் சொன்னேன். பத்து ஆண்டுக்கு வரவின் முழு உரிமையும் முகவருக்கு, அதாவது மேடையில் பேசிய தம்பியின் தரப்புக்கு. விற்ற பிறகு, 'செலவுகள் போக' மிஞ்சுவதில் நமக்குப் பங்கு. அந்தச் செலவுகள் எவை என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. எடைப் பதிவில் பிழை வந்தால் பொறுப்பு மட்டும் சங்கத்துக்கு. இன்னொன்று: விற்றுவிட்ட தணிப்பு அதற்குப் பிறகு நம்முடையது அன்று. வாங்கிய கம்பெனி அதைக் காட்டித் தன் புகையை ஈடுகட்டிக்கொள்ளும். நாமும் வாசலில் 'கார்பன் சமநிலை வளாகம்' என்று பலகை மாட்டினால், விற்ற வீட்டுக்கு வாடகை வசூலித்த கதைதான்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

கையெழுத்துப் போட்டவர்கள் ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் படித்துக் காட்ட முடியாத ஒப்பந்தம் நம் பொதுக்குழுவுக்கு ஆகாது. போடாதவர்கள், தனித்தனியாகப் போடாதீர்கள். நூறு வளாகங்கள் ஒன்று சேர்ந்தால் ஆண்டுக்கு 4,000 வரவு, அதே 500 ரூபாய் விலைக்கு 20 லட்சம். தணிக்கைச் செலவைத் தாங்க அப்போதுதான் முதுகு இருக்கும். கார்பன் வரவு வணிகத் திட்டத்தை ஒன்றிய அரசு 2023இல் அறிவித்திருக்கிறது. அதில் தாமாக முன்வருவோர் பிரிவில் கழிவுத் துறைக்கும் இடம் உண்டு. மாநகராட்சியை நடுவில் வைத்து, ஒரே தொகுப்பாகப் போவதே நமக்குப் பாதுகாப்பு. ஒரே வரவை நாமும் மாநகராட்சியும் இரண்டு முறை விற்றுவிடும் ஆபத்தும் அதனால் நீங்கும்.

அது நடக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு தராசு வாங்குங்கள், ஒரு நீளநோட்டு வாங்குங்கள். நாள்தோறும் உள்ளே வந்த ஈரக்கழிவு எத்தனை கிலோ, சேர்த்த சருகு எத்தனை மூட்டை, குவியலின் சூடு எவ்வளவு, வெளியே போன உரம் எவ்வளவு, வாங்கிக்கொண்டு போனவர் யார் என்று எழுதி வையுங்கள். நாளை எந்தத் தணிக்கையாளர் வந்தாலும் முதலில் கேட்கப் போவது இந்த நோட்டைத்தான். பழைய தேதிக்குப் புது எடை எழுதினால் நான்காம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், என்னைப் போன்ற ஆட்கள். கார்பன் விலை 20 யூரோவானாலும் ஒரு யூரோவானாலும் அந்த நோட்டு கெட்டுப்போகாது. கொட்டகை ஒழுங்காக நடக்கிறதா என்று நமக்கே காட்டும்.

உரத்தை மூலையில் குவிக்காதீர்கள். நம் மாடித் தோட்டங்களுக்குப் போக மிஞ்சுவதை விவசாயிகளிடம் சேர்க்க வழி பாருங்கள். கண்ணாடித் துண்டும் பால் கவரும் கலந்த உரத்தை எந்த விவசாயியும் இரண்டாம் முறை வாங்க மாட்டார். சமையலறையில் பிரிப்பதுதான் இங்கேயும் முதல் படி.

கடைசியாக ஒன்று. எங்கள் நோட்டை இப்போது அக்காவே எழுதுகிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், எண்களை மட்டும் முத்து முத்தாக எழுதுவார். கார்பன் வரவு என்றால் என்ன என்று போன வாரம் கேட்டார். மீத்தேன், மேடு, வெளிநாட்டுக் கம்பெனி என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு முழுவதும் கேட்டார். "அப்ப இதுல நான் பொரட்டுறதுக்கு எவ்வளவு சார்?" என்றார்.

அந்த ஒப்பந்தத்தில் முகவருக்குப் பங்கு இருந்தது, சங்கத்துக்குப் பங்கு இருந்தது, தணிக்கையாளருக்குக் கட்டணம் இருந்தது. புரட்டுகிறவருக்கு ஒரு வரிகூட இல்லை. என் நோட்டிலும் இல்லை. நானும் இத்தனை நாள் கிலோவை மட்டுமே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உரம் விற்ற பணத்தில் பாதி அவருக்கு என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். கார்பன் பணம் என்றைக்காவது வந்தால் அதற்கும் இதே விகிதம். அதற்காக நோட்டில் இன்று காலை புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டேன். இப்போதைக்கு அது காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் கைக்கு வரும் தாளிலும் அப்படி ஒரு பத்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பேனாவைத் திறங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போல் ஒரு வளாகத்தின் பொருளாளர்,
சென்னை